பல்லாவரம் சந்தையில் வாங்கிய பழைய கருவிகள்: எவை என்னவென்று அறியவும் மீண்டும் பயன்படுத்தவும் உதவி தேவை

சந்தைத்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய இரும்புச் சாமான்களைத் தார்ப்பாயில் பரப்பி விற்பவர் ஒருவரிடம் ஒரு கோணிப்பைக் கருவிகளை எடைக்கு வாங்கினேன். பெரும்பாலானவை துருவேறியிருக்கின்றன. காட்சிக்கு வைப்பதற்காக நான் வாங்கவில்லை. வீட்டில் சிறு மரவேலைகள் செய்வதால், பயன்படக்கூடியவற்றைப் பயன்படுத்த விரும்புகிறேன்.

பையில் இருந்தவற்றில் எனக்குப் புரியாதவை இவை. சுமார் 14 அங்குல நீளமுள்ள இரும்பு இழைப்புளி ஒன்று; அதன் அலகைக் கழற்றியபோது, அடித்தட்டின் உட்புறத்தில் ஆங்கிலத்தில் மூன்று தேதிகள் வார்ப்பிலேயே பதிந்திருப்பது தெரிந்தது. அகலமான உளி ஒன்றில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்றும் ஷெஃபீல்டு என்றும் முத்திரை உள்ளது. 3/8 என்ற பின்னமும் ‘டபிள்யூ’ என்ற எழுத்தும் கொண்ட ஸ்பேனர் ஒன்று, நான் வைத்துப் பார்த்த 3/8 அங்குலத் தலையுள்ள எந்த போல்ட்டிலும் பொருந்தாமல் மிகப் பெரிதாக இருக்கிறது. எஸ்.ஐ.ஆர். என்று பொறித்த சம்மட்டித் தலை, தேய்ந்துபோன அரங்கள் சில, வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகளைக் கொண்ட கனமான எஃகுத் தகடு ஒன்று ஆகியவையும் உள்ளன.

இழைப்புளியை மேசை விளக்குக்குத் தாங்கியாக மாற்றலாம் என்றும், அரங்களைக் கத்தியாக அடித்துக்கொள்ளலாம் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படி எதையும் செய்வதற்கு முன் இவை என்னவென்று அறிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

தஞ்சைத் தச்சுப்பட்டறை எழுதியது:

வணக்கம் ஐயா. இழைப்புளியை விளக்காக்கும் எண்ணத்தைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். அந்த மூன்று தேதிகள் 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19 ஆகியவையாக இருந்தால், உங்களிடம் இருப்பது அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் ஏறத்தாழ 1910 முதல் 1918 வரை வார்த்த, பெய்லி என்பவரின் வடிவமைப்பிலான இழைப்புளி. 14 அங்குல நீளமும் 2 அங்குல அலகும் உள்ளது 5ஆம் எண். முன்புறக் கைக்குமிழ் குட்டையாக இருக்கிறதா என்றும், அலகின் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைத் திருகு சுமார் ஓர் அங்குல விட்டத்தில் சிறிதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 1919 வாக்கில் குமிழ் உயரமாகவும் திருகு பெரிதாகவும் மாறிவிட்டன. அலகை அழுத்திப் பிடிக்கும் மேல்மூடியில் உள்ள துளை சாவித்துளை வடிவில் இருந்தால் அது பழைய மூடி. 1930களின் தொடக்கத்தில்தான் அது சிறுநீரக வடிவத்திற்கு மாறியது. எண்ணுக்கு முன்னால் பூச்சியம் சேர்த்து 04, 05 என்று இருந்தால் அது ஸ்டான்லி அன்று, ஷெஃபீல்டில் 1931 முதல் இழைப்புளி செய்த ரெக்கார்ட் நிறுவனத்தினுடையது.

இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நூறு ஆண்டுகளில் இந்தக் கருவிகள் பல பட்டறைகளைக் கடந்து வந்திருக்கின்றன. அடித்தட்டு ஒரு காலத்தையும், மூடி வேறொரு காலத்தையும், அலகு அண்மையில் கடையில் வாங்கியதாகவும் இருப்பது மிகவும் இயல்பு. ஆகவே ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முழுக்கருவிக்கும் வயது சொல்லக்கூடாது. பயன்பாட்டிற்கு இதனால் எந்தக் குறையும் இல்லை.

உளியைப் பற்றி ஒரு சொல். ‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற முத்திரையைப் பார்த்து வார்ப்பிரும்பு என்று நினைத்துப் பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அது 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஷெஃபீல்டு வட்டாரத்தில் உருவாக்கிய மூசை எஃகை, அதாவது மண் குகையில் இட்டு உருக்கிய எஃகைக் குறிக்கிறது. மிகக் கூர்மையாகத் தீட்டக்கூடிய, உயர்ந்த கரிச்சத்துள்ள எஃகு அது. உளியின் சாய்வுப் பக்கத்தைத் தீட்டுக்கல்லில் தேய்த்துப் பாருங்கள். குறுக்கே ஒரு கோடு தெரிந்து, அதன் ஒரு பக்கம் மங்கலாகவும் மறுபக்கம் பளபளப்பாகவும் இருந்தால், மென்மையான இரும்பின் மேல் கடின எஃகை ஒட்டவைத்து அடித்த உளி என்று பொருள். அதைச் சாணைச் சக்கரத்தில் வைத்து நுனி நீலமாகும்படி சூடேற்றிவிட்டால் அந்தப் பகுதியின் கடினம் போய்விடும். தண்ணீரில் அடிக்கடி நனைத்து, கையால் பொறுமையாகத் தீட்டுங்கள்.

வேகமாகச்செய் எழுதியது:

துருவை நீக்க இவ்வளவு யோசனை எதற்கு? கை கிரைண்டரில் கம்பித்தூரிகைச் சக்கரத்தை மாட்டி ஓட்டினால் எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும். நான் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஊறல்தொட்டி எழுதியது:

கம்பித்தூரிகைச் சக்கரத்தை முதல் வேலையாகப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. ஆழமில்லாமல் பொறித்த முத்திரைகள் துருவுக்கு அடியில்தான் இருக்கும். சக்கரம் துருவோடு சேர்த்து அவற்றின் விளிம்பையும் மழுக்கிவிடும். தஞ்சை நண்பர் சொன்ன அடையாளங்களைப் படித்துக் குறித்து, படமும் எடுத்த பிறகே சுத்தம் செய்யத் தொடங்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்புவது உடம்புக்கும் கேடு.

மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பே சிறு கருவிகளுக்குப் போதும். மரக் கைப்பிடி, பித்தளைத் திருகு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 50 கிராம் கரைத்து இரும்புப் பாகங்களை ஊறவைத்து, சில மணி நேரத்திற்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நாள்கணக்கில் விட்டுவிட்டால் நல்ல இரும்பையும் அமிலம் அரித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். எடுத்தவுடன் சலவைச் சோடா கரைத்த நீரில் அலசி, முற்றிலும் உலர்த்தி, உடனே எண்ணெய் பூச வேண்டும். சென்னையின் கடற்காற்றில் ஈரமான வெறும் இரும்பு மிக விரைவில் செம்பழுப்பாகிவிடும். பூசுவதற்கு மெல்லிய எந்திர எண்ணெய் நல்லது. நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுப்பாக உறையும்.

பெரிய பாகங்களுக்கு மின்பகுப்பு முறை உண்டு. பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசலை எடுத்துக்கொண்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கருவியிலும் நேர்முனையை வேண்டாத இரும்புத் தகட்டிலும் இணைக்க வேண்டும். முனைகளை மாற்றிவிட்டால் கருவியே கரையத் தொடங்கும். நேர்முனையில் எவர்சில்வரை ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மையுள்ள சேர்மமாகத் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் இதைத் திறந்த வெளியில், நெருப்புக்குத் தொலைவில் செய்வது கட்டாயம்.

பொன்மலைப் பணிமனை எழுதியது:

ஸ்பேனரைப் பற்றியும் சம்மட்டியைப் பற்றியும் நான் சொல்லக் கடமைப்பட்டவன்; என் பணிக்காலம் முழுவதும் ரயில்வே பணிமனையில் கழிந்தது.

டபிள்யூ என்பது விட்வொர்த். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த திருகு அளவுமுறை அது. மரையின் கோணம் 55 பாகை. அந்த முறையில் ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிக்கும். வாயின் அகலத்தை அன்று. ஆகவே 3/8 விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 0.71 அங்குலம் இருக்கும், அதாவது ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். 1/4 என்று இருந்தால் வாய் 0.525 அங்குலம், 1/2 என்று இருந்தால் 0.92 அங்குலம். உங்கள் ஸ்பேனர் பொருந்தாததற்கு இதுதான் காரணம். அதில் குறையேதும் இல்லை.

அதன் வாயை அரத்தால் ராவி மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவர எண்ணாதீர்கள். கிணற்றடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லிஸ்டர் வகை ஆயில் எஞ்சின்கள், பழைய கடைசல் எந்திரங்கள், திருவொற்றியூரில் 1955 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட்டுகளில் பழையவை ஆகியவற்றைப் பழுது பார்ப்போருக்கு இந்த அளவு ஸ்பேனர் இன்றியமையாதது. சற்றே பெரிதான மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் போல்ட் தலையின் முனைகள் உருண்டுவிடும். உங்களுக்குப் பயன் இல்லையென்றால் அத்தகைய மெக்கானிக் ஒருவரிடம் கொடுங்கள். அவர் மிகவும் மகிழ்வார்.

எஸ்.ஐ.ஆர். என்பது சவுத் இந்தியன் ரயில்வே. திருச்சி பொன்மலைப் பணிமனை 1928இல் அந்த நிறுவனத்திற்காகவே திறக்கப்பட்டது. 1951 ஏப்ரல் 14 அன்று சவுத் இந்தியன் ரயில்வேயும் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயும் மைசூர் ரயில்வேயும் இணைந்து தென்னக ரயில்வே ஆயின. எனவே அந்த முத்திரையுள்ள கருவி பெரும்பாலும் அதற்கு முற்பட்டது. வேறு இடங்களிலும் இது போன்ற உதவி கிடைக்கும்: கடைப்பெயரோடு ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் பொறித்திருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது, மதராஸ்-1 என்பது போல மட்டும் இருந்தால் முற்பட்டதாகக் கொள்ளலாம்.

கூடவே ஓர் எச்சரிக்கை. ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு எதிராக 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. வைத்திருக்கும் பொருள் ரயில்வேக்கு உரியதென்றும், திருடப்பட்டதென்று ஐயுற இடமுண்டு என்றும் நிறுவப்பட்டால், முறையாகப் பெற்றதை நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவர்மீது விழும். கழிவு ஏலத்தின் வழியாக வெளியே வந்த பழங்கருவிகள் சந்தையில் ஏராளம். அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் புதிதாகத் தோன்றும் தண்டவாளக் கொக்கிகளையும் இணைப்புத் தகடுகளையும் விலை மலிவென்று வாங்காதீர்கள். பெரிய அளவில் வாங்கும்போது விற்பவரிடம் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்குங்கள்.

சம்மட்டியின் அடிக்கும் முகத்தில் ஓரங்கள் காளான்போல் விரிந்திருந்தால், கைப்பிடி போடும் முன் அந்த விரிந்த பகுதியை முழுவதும் ராவி நீக்கிவிட வேண்டும். அடிக்கும்போது அதிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைப் பறித்துவிடக்கூடியது.

உலைக்களம் எழுதியது:

சிவகங்கைப் பக்கம் எங்கள் குடும்பம் தலைமுறைகளாகக் கொல்லுப் பட்டறை வைத்திருக்கிறது. அரங்களைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பழைய அரத்தில் கத்தி செய்வது எளிது என்று பரவலாகப் பேசப்படுகிறது. அதில் பாதிதான் உண்மை.

நல்ல அரத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் மேல் கரிச்சத்து இருக்கும். மற்ற எஃகை ராவும் அளவுக்கு அதைக் கடினமாக்கியிருப்பதால், கண்ணாடியைப் போல நொறுங்கும் தன்மையும் அதற்கு உண்டு. கைப்பிடி போட்டு, ஓரத்தைத் தீட்டி, அப்படியே கத்தி என்று பயன்படுத்தினால் எலும்பிலோ கணுவிலோ பட்டவுடன் உடையும். நெம்புகோலாகப் பயன்படுத்தினால் துண்டு முகத்தில் தெறிக்கும். ஆகவே குறைந்தது சுமார் 200 முதல் 230 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிப் பதம் இறக்க, அதாவது கடினத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் இளம் வைக்கோல் நிறம் தோன்றுவதே அதன் அடையாளம். வைக்கோல் நிறம் கடந்து பழுப்பு, ஊதா, நீலம் என்று போகப் போக மென்மை கூடும். வீட்டில் கேக் சுடும் அவன் இருப்பவர்கள் 200 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால், உலையே இல்லாமல் இந்த வேலையைச் செய்துவிடலாம். அதன் பிறகு வடிவம் கொடுக்கும்போதும் சூடேறாமல் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துச் சாணை பிடிக்க வேண்டும்.

ஆனால் எல்லா அரமும் உள்வரை எஃகு அன்று. மலிவான சிலவற்றில் மேல்தோல் மட்டும் கடினமாக இருக்கும், உள்ளே மெல்லிரும்பு. சாணையில் பிடித்துப் பொறியைப் பாருங்கள்: மேலே மட்டும் அல்லாமல் உள்ளேயும் கிளைத்துக் கிளைத்து வெடிக்கும் வெண்பொறி ஏராளமாக வந்தால் கரிச்சத்து மிகுந்த எஃகு. நீண்ட வைக்கோல் நிறக் கோடுகளாக, கிளைகள் அரிதாக வந்தால் மெல்லிரும்பு. குட்டையாக, செந்நிறத்தில் மங்கலாக வந்தால் வார்ப்பிரும்பு; அதைச் சம்மட்டியால் அடித்து வடிவமாக்கவே முடியாது. பொறி சரியாக வந்தும் ஐயமிருந்தால், நுனியில் ஒரு துண்டை உடைத்து, செக்கச் சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே சென்றதும் எண்ணெயில் தோய்த்து, வேறோர் அரத்தால் ராவிப் பாருங்கள். அரம் வழுக்கினால் எஃகு கடினமாகியிருக்கிறது.

என்னைக் கேட்டால், தேய்ந்த அரத்திற்குக் கத்தியைவிடச் சிறந்த மறுவாழ்வு மரத்தில் கோடு கீறும் சிறு கத்தியும் மரத்தைச் சுரண்டும் தகடும்தான். அடி வாங்காத வேலைகளுக்கு அந்தக் கடினம் மிகப் பொருத்தம். கடைசல் எந்திரத்தில் மரம் கடையும் உளியாக அதை மாற்றுவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். வேகமாகச் சுழலும் மரம் பிடித்துக்கொண்டால் அரம் முறிந்து பாயும். அடி தாங்க வேண்டிய அரிவாளுக்கு எங்கள் ஊர்ப் பட்டறைகளில் லாரிப் பட்டையை, அதாவது லாரியின் அடியில் உள்ள வில் தகட்டைத்தான் எடுப்போம். அதில் கரிச்சத்து ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு, வளைந்து கொடுக்கும். அதிலும் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும் என்பதால், போல்ட் துளைக்கு அருகிலுள்ள பகுதியை ஒதுக்கிவிடுவோம்.

துத்தநாகம் பூசிய எதையும் உலையில் வைக்காதீர்கள். அந்தப் புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும்.

விளக்குமாடம் எழுதியது:

பழைய பொருட்களில் விளக்குகளும் சுவர் அலங்காரங்களும் செய்து விற்பவள் என்ற முறையில் என் கருத்தையும் சொல்ல விரும்புகிறேன். உடைந்த கருவிகள் அனைத்தும் மீண்டும் வேலைக்கு வந்துவிடாது. நானும் என்னைப் போன்றவர்களும் வாங்காவிட்டால் அவை உருக்காலைக்குத்தான் போகும். ஒரு வரவேற்பறையில் விளக்காக இருந்தால் குறைந்தது அந்த வார்ப்பும் கைப்பிடியின் ஈட்டி மரமும் பிழைத்திருக்கும் அல்லவா? இதை இழிவாகக் கருத வேண்டியதில்லை.

தஞ்சைத் தச்சுப்பட்டறை எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் தொழிலை நான் ஒருபோதும் இழிவாகக் கருதவில்லை. எது உடைந்தது என்று முடிவு செய்யும் இடத்தில்தான் என் கவலை. துருவேறிய இழைப்புளியையும் வெடித்த இழைப்புளியையும் சந்தையில் ஒரே விலைக்கு, ஒரே குவியலில் பார்க்கிறோம். துரு போகும், வார்ப்பிரும்பில் அலகுத் துளைக்கு அருகே விழுந்த வெடிப்பைச் சரிசெய்வது மிகக் கடினம்.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. அடித்தட்டை எல்லாப் பாகங்களும் கழற்றிய நிலையில் நூலில் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால், முழுமையானது மணியோசை தரும், வெடித்தது மந்தமாக ஒலிக்கும். உறுதிப்படுத்த, மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தூவுங்கள். வெடிப்புக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெண்மையில் கருங்கோடாகத் தெரியும்.

வெடித்திருந்தாலும் விளக்காக்கும் முன் ஒன்றைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்டான்லி இழைப்புளியின் திருகுகள் அந்த நிறுவனத்திற்கே உரிய மரை அளவுகள் கொண்டவை. சாதாரண ஹார்டுவேர் கடையில் அவற்றுக்கு மாற்றுத் திருகு கிடைக்காது. ஒரே ஒரு திருகு இல்லாமல் பயன்படாமல் கிடக்கும் இழைப்புளிகள் எத்தனையோ. திருகுகளையும் அலகையும் மேல்மூடியையும் தச்சர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, வெடித்த உடலை விளக்காக்கினால் எனக்கு முழு மகிழ்ச்சி.

விளக்குமாடம் எழுதியது:

திருகுகளைப் பற்றி இதுவரை நான் அறிந்திருக்கவில்லை. சுண்ணாம்புத்தூள் சோதனையை இனி என் பட்டறையில் கட்டாயமாக்குகிறேன். என்னிடம் இப்போதுள்ள வெடித்த இழைப்புளிகளின் உதிரிப் பாகங்கள் தேவைப்படுவோர் தனிமடலில் கேட்கலாம். அஞ்சல் செலவு மட்டும் போதும்.

கோவைப் பொற்கம்பி எழுதியது:

துளைத் தகட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் தந்தையார் நகைத் தொழிலாளி. துளைக்குள் நன்றாக வெளிச்சம் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகி, உள்ளே வழவழப்பாக இருந்தால் அது கம்பி இழுக்கும் தகடு. பொன் அல்லது வெள்ளிக் கம்பியின் முனையைக் கூராக்கி, அகன்ற பக்கத்தில் நுழைத்து, குறடால் மறுபக்கம் இழுத்து, ஒவ்வொரு துளையாகச் சிறிதாக்குவார்கள். உள்ளே மரை தெரிந்தால் அது பழங்காலத்தில் சிறு திருகுகளுக்கு மரை வெட்டிய தகடு, வேலை வேறு. சுவர் நேராகவும் விளிம்பு கூராகவும் இருந்தால் மரமுளை அடித்துச் சீராக்கும் தச்சுத் தகடு.

கம்பித் தகடாக இருப்பின் அதற்கு இரண்டு வேலை கொடுக்கலாம். செம்புக் கம்பியைத் தணலில் காய்ச்சி மென்மையாக்கி, தேன்மெழுகு தடவி இழுத்தால் தேவையான பருமன் வீட்டிலேயே கிடைக்கும். சில துளைகளுக்கு ஒருமுறை மீண்டும் காய்ச்ச வேண்டும். மூங்கில் சிம்பை இதே வழியில் இழுத்தால், மரவேலைக்கு ஒரே பருமனுள்ள சிறு முளைகள் கிடைக்கும். துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்க முயலாதீர்கள். தகடு மிகக் கடினமானது. அதன் முழு மதிப்பும் அந்தத் துளைகளின் மெருகில் இருக்கிறது.

சந்தைத்தேடி எழுதியது:

அனைவருக்கும் என் நன்றி. தேதிகள் மூன்றும் தஞ்சை ஐயா சொன்னவைதான். குமிழ் குட்டையாகவும் திருகு சிறிதாகவும் உள்ளன. தட்டிப் பார்த்தேன், ஓசை தெளிவாக இருக்கிறது. சுண்ணாம்புத்தூளிலும் கோடு எதுவும் தெரியவில்லை. எலுமிச்சை உப்பில் ஊறிய பின் அலகில் வேறொரு நிறுவனத்தின் முத்திரை தெரிந்தது, ஆகவே அது பின்னாளில் மாற்றப்பட்டது. தகட்டின் துளைகள் உள்ளே வழவழப்பாகச் சரிந்து செல்கின்றன. அரங்களில் இரண்டின் பொறி உள்வரை வெடித்துக் கிளைக்கிறது, மற்றவை அப்படி இல்லை. ஸ்பேனரைப் பழைய புல்லட் பழுது பார்க்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி: சம்மட்டிக்கு எந்த மரத்தில் கைப்பிடி போடலாம்?

பொன்மலைப் பணிமனை எழுதியது:

நாட்டுக் கருவேல் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கெட்டியாகவும் அதிர்வைத் தாங்குவதாகவும் இருக்கும். தேக்கு அழகாக இருந்தாலும் சம்மட்டிக்கு உதவாது. நன்கு காய்ந்த கட்டையில், மரநரம்புகள் கைப்பிடியின் முழு நீளத்திற்கும் முறியாமல் ஓடுகின்றனவா என்று பாருங்கள். குறுக்கே சரிந்து வெளியேறினால் அந்த இடத்தில்தான் ஒடியும். தலையின் துளை ஒரு பக்கம் சற்று அகன்றிருக்கும். கைப்பிடியைக் குறுகிய பக்கத்திலிருந்து ஏற்றி, அகன்ற பக்கத்தில் மர ஆப்பை அடித்து இறுக்குங்கள். மழைக்காலத்தில் ஏற்றினால் கோடையில் மரம் சுருங்கித் தளரும், ஆகவே உலர்ந்த பருவத்தில் செய்வது நல்லது.

ஊறல்தொட்டி எழுதியது:

கைப்பிடிக்கு வண்ணமோ வார்னிஷோ வேண்டாம், கை வழுக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி உலரவிட்டு, மறுபடியும் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிவரும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.